மேடம், மூச்சை விடுங்க

மார்ச் 4

அன்புள்ள வாண்டு,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்குப் புரியவே சில நாள் ஆயிற்று. முதலில் உங்கள் ஊரில் டவர் இல்லை என்று நினைத்தேன். பிறகு உன் போன் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்பாவின் போனுக்கு அடித்தால் அதையும் நீதான் எடுக்கிறாய். "அப்பா தூங்கறார்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காலையில் அடித்தாலும் தூங்குகிறார், சாயங்காலம் அடித்தாலும் தூங்குகிறார். மனிதர் அப்படித் தூங்கினால் அதற்கே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பதை உன்னால் தடுத்து வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடு.

நான் என்ன தப்பு செய்தேன்? அப்பா விழுந்த அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்ள வந்தேன். நீ இரண்டடி பின்னால் நகர்ந்து, "வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாய். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ பேயே, பிசாசே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அந்த 'வாங்க'வைக் கேட்டதும் அப்பாதான் போய்விட்டாரோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம் நான் அங்கே இருந்த நாளெல்லாம் அதே பாட்டு. "கொஞ்சம் நகருங்க." "ரொம்ப நன்றிங்க." கடைசியில் அங்கிருந்த நர்ஸ் என்னிடம் வந்து, "நீங்க பேஷண்டுக்கு தூரத்துச் சொந்தமா?" என்று கேட்டார்.

அப்பா எப்படி இருக்கிறார்? படி ஏறினால் இரைக்கிறதா? நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

அக்கா


மார்ச் 10

ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா நலம்.

ஒரு வரி போதும் என்றீர்கள். எழுதிவிட்டேன். ஆனால் 'என்ன தப்பு செய்தேன்' என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. நிஜமாகவே உனக்குத் தெரியாதா?

அப்பா வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். தொப்பென்று சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவர் கிடக்கிறார். கண் திறந்திருந்தது, அந்தக் கண்ணில் ஆள் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற அறை என்று நீயே சொல்லியிருக்கிறாய். நாற்பது பேரில் அன்றைக்கு எடுத்தது நீ. உன் குரலைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தெய்வமே போனை எடுத்த மாதிரி இருந்தது. "அக்கா, அப்பா விழுந்துட்டார், அக்கா" என்று கத்தினேன்.

நீ என்ன சொன்னாய்? "மேடம், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. முதல்ல மூச்சை விடுங்க."

மேடம். அப்பா தரையில் கிடக்கிறார், நான் உனக்கு மேடம். மறுபடியும் அக்கா என்று கத்தினேன். "மேடம், அவர் நெஞ்சு நடுவுல கையை வைங்க" என்றாய். 'அவர்' யார்? உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்து அப்பாவைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் நீ விடவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டன, மூச்சு தாறுமாறாக வாங்கியது. அப்போதாவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'வாண்டு' சொல்லியிருக்கலாம். "இழுக்கறது கொஞ்சமா இருக்கட்டும் மேடம், விடறது நீளமா இருக்கட்டும் மேடம்" என்று மூச்சுக்கு முந்நூறு மேடம் போட்டாய்.

உனக்கு அந்த நாற்காலிதான் பெரிது. அதை உங்கள் அலுவலகத்துக்கே எழுதிப் போட்டுவிட்டேன். அழைத்தது சொந்தத் தங்கை என்று தெரிந்தும், எடுத்தவர் அந்நியரைப் போலப் பேசினார், நடவடிக்கை எடுக்கவும் என்று புகார்.

இப்படிக்கு,
ஒரு மேடம்


மார்ச் 16

வாண்டு,

உன் புகார் உன் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர் அதை என் கையில் கொடுத்து, "நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை" என்றார். அதட்டினார்கள், வைத்துவிட்டார்கள், தாமதமாக எடுத்தார்கள் என்றெல்லாம் எங்கள் மேல் புகார் வரும். மரியாதையாகப் பேசினார் என்று புகார் கொடுத்த ஒரே ஆள் நீதான்.

அந்த அறையில் ஒரு விதி இருக்கிறது. இதை உனக்கு நான் சொன்னதில்லை. அழைப்பது நம் சொந்தக்காரர் என்று தெரிந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அந்த லைனை வாங்கிக்கொள்வார். நான் கொடுக்கவில்லை. அழைத்தது என் தங்கை என்பது உன் புகார் வரும்வரை அங்கே யாருக்கும் தெரியாது. இப்போது விசாரணை. அது முடியும்வரை என்னைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்க வைத்திருக்கிறார்கள். இதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு விதி தெரியாது, அவ்வளவுதான்.

நீ அக்கா என்று கத்தியதும்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்கிறாய். அதற்கும் முன்னாலேயே தெரியும். எங்கள் காதுக்கு முதலில் வந்து சேருவது பேச்சே கிடையாது, மூச்சுதான். மாடி ஏறி ஓடி வந்தவர் மூச்சு ஒரு மாதிரி, அழுது ஓய்ந்தவர் மூச்சு ஒரு மாதிரி. பொய் சொல்லப் போகிறவர் மூச்சுகூடத் தனி. ஊஞ்சலிலிருந்து விழுந்து மூக்கைக் கோணலாக்கிக்கொண்ட பிறகு உன் மூச்சின் கடைசியில் ஒரு சின்ன விசில் வரும். அன்றைக்கு லைன் திறந்ததும் அந்த விசில்தான் கேட்டது. உன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை, அதற்குள் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று.

கையைப் பாதி தூக்கினேன். லைன் கைமாறும்போது கொஞ்ச நேரம் நிசப்தமாக இருக்கும். அந்த நிசப்தத்தைக் கேட்டால் நீ போனைப் போட்டுவிட்டு ஆள் கூப்பிடத் தெருவுக்கு ஓடியிருப்பாய். அந்த நேரம் அப்பாவிடம் இல்லை. கையை இறக்கிவிட்டேன். இறக்கியதும் எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. 'என்னடா கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருடைய மகள். மகளுக்கு அழத் தெரியும். நெஞ்சை எத்தனை ஆழம் அழுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. மேடம் என்று சொல்லச் சொல்லத்தான் நான் வேலையில் இருந்தேன்.

நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. தெரிந்துகொள், அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

விதி இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் எழுதியிருப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நீ சொல்வது மூளைக்குப் புரிகிறது, மனசு இன்னும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அதை விடு. வேறு ஒன்று எழுத வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. அப்பா விழுந்த பிறகு நான் மறுபடியும் டிரைவிங் ஸ்கூல் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, தெரியும் அல்லவா. ஒரு நாள் ஒரு பல் டாக்டரம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எங்கோ ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. அவ்வளவுதான். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. நடுரோடு. பின்னால் இருக்கிற வண்டிக்காரனெல்லாம் ஹாரன் அடிக்கிறான். என் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது. விரல்கள் மறுபடியும் மடங்குகின்றன. பாவம் அந்த அம்மா, தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து "சாரி, சாரி" என்கிறார்.

அப்போது என் தலைக்குள் ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று உனக்குத் தெரியும். "மேடம், முதல்ல மூச்சை விடுங்க. இழுக்கறது கொஞ்சமா, விடறது நீளமா." எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் விட்டேன். சூடான டீயை ஊதுவதுபோல, உதட்டைக் குவித்து, தீரும்வரை விட்டேன். மறுபடியும். மறுபடியும். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் கையை நானே வேடிக்கை பார்த்தேன். வேறு யாருடைய கையோ திறக்கிற மாதிரி இருந்தது.

அது வேலை செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் பொய் என்று நிரூபிக்க எல்லா இடத்திலும் செய்து பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் நம் கேட்டை மறித்து வண்டி நிறுத்தியபோது செய்தேன். முதல் தடவையாக அவரிடம் கத்தாமல் பேசினேன், அவரே பயந்து போனார். ஆஸ்பத்திரி வரிசையில் செய்தேன். அப்பா உப்பு டப்பாவைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தபோது செய்தேன். எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை இழுத்தால் பந்து மேலே போகும். இரண்டு பந்து ஏறுகிறது. மூன்றாவது அசையவில்லை. "கம்பெனிக்காரன் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கான்" என்கிறார்.

இது ஏன் வேலை செய்கிறது? எழுது. நான் கேட்டேன் என்பதற்காக ராசியாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே.

வாண்டு


ஏப்ரல் 1

வாண்டு,

ராசியாகிவிட்டோம் என்று நினைக்கவில்லை. கையெழுத்தில் 'மேடம்' போய் 'வாண்டு' வந்திருக்கிறதே, அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

ஏன் வேலை செய்கிறது என்று கேட்டாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் எங்களை மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்க்கச் சொன்னார். நீயும் இப்போது வைத்துப் பார். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் ஓடும். விடும்போது கொஞ்சம் நடக்கும். நீளமாக விட்டால் நீளமாக நடக்கும். அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் என் உடம்புக்குள் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது, வீட்டுக்காரிக்குத் தெரியாமல்.

இதயத்திடம் 'மெதுவாக அடி' என்று சொல்லிப் பார், அது நம்மை மதிக்கவே மதிக்காது. வயிற்றிடம் 'கலங்காதே' என்றால் இன்னும் கலங்கும். உள்ளே இருக்கிற இந்தக் கூட்டத்தில் நம் சொல்லையும் கேட்டுக்கொண்டு, நாம் மறந்துவிட்டால் தன்பாட்டுக்கும் வேலை பார்க்கிற ஆள் மூச்சுதான். அதன் கையை மெல்லப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால் இதயமும் பின்னாலேயே வந்துவிடுகிறது. நான் எத்தனையோ பேருக்கு இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அந்தப் பக்கம் ஒரு முரட்டு மூச்சு படிப்படியாக இறங்குவதைக் கேட்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவர் இதயம் அமைதியாவது மட்டும் என் காதில் கேட்கும்.

எங்களுக்கும் இதுதான் மருந்து. அறையில் தண்ணீர் கேன் வைத்திருக்கிற இடத்துக்கு 'மூச்சு மூலை' என்று பெயர். மோசமான அழைப்பு ஒன்று முடிந்தால் அங்கே போய்ச் சுவரைப் பார்த்து நின்று நீளமாக நாலு மூச்சு விடுவோம். யாரும் யாரையும் என்ன என்று கேட்க மாட்டோம். தண்ணீர் குடிக்கத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொள்வோம்.

இனி எனக்கு அது உதவாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, புகார் வருவதற்கு முன்னால் ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹெட்செட்டைப் போட்டேன். லைன் திறந்தது. யாரோ ஒருவர் மூச்சு வாங்குகிறார். எனக்கு அந்த விசில் கேட்டது. அந்த மனிதருக்கு விசிலே கிடையாது, ஆனாலும் கேட்டது. என் மூச்சு உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. விட முடியவில்லை. "ஹலோ, ஹலோ" என்கிறார். பக்கத்து நாற்காலிக்காரி என் லைனைப் பிடுங்கிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் 'விடுங்க விடுங்க' என்று சொன்னவளுக்குத் தன் மூச்சை விடத் தெரியவில்லை.

ஏப்ரல் 18 விசாரணை. அவர்கள் என்ன சொன்னாலும் சரி, அதற்கு முன்னாலேயே ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். நான் விடாத ஒரு மூச்சில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? வேறு யாருக்கும் தெரியாது. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 7

அடி பேயே,

ராஜினாமாவை எங்கே வைத்திருக்கிறாயோ அங்கேயே வை. யாரிடமும் கொடுத்துவிடாதே.

நாடி பார்த்தேன். அப்பாவுக்கும் பார்த்தேன். நான் விரல் வைத்துக்கொண்டு அவரை நீளமாக மூச்சு விடச் சொன்னேன். விரலுக்கு அடியில் அது நிதானமாவது தெரிந்தது. ஒரு மத்தியானத்தில் நின்றே போன இதயம், அக்கா. நீ சொல்லச் சொல்ல நான் இந்தக் கையால் அழுத்தியது. இப்போது ஒரு மூச்சுக்குக் கட்டுப்பட்டு என் விரல் நுனியில் நடக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னடி, மோசமா இருக்கா?" என்று அப்பா பயந்துவிட்டார். அப்புறம் அவருக்கு நீளமாக மூச்சு விட வைப்பது பெரும்பாடாகிவிட்டது.

முக்கியமான விஷயம் வேறு. நேற்று அந்தப் பல் டாக்டரம்மா மறுபடியும் வந்தார். ஊரில் எத்தனையோ பேர் வாயைத் திறக்கச் சொல்லிக் கொறடு போடுகிற மனுஷி, ரவுண்டானாவைப் பார்த்ததும் கல்லாகிவிட்டார். கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பக்கமும் லாரி. அவருடைய மூச்சு நின்றுபோனது எனக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "மேடம், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. முதல்ல மூச்சை விடுங்க." உன் குரல், உன் ஏற்ற இறக்கம், அச்சு அசல். அவர் விட்டார். கார் நகர்ந்தது. ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வந்தோம்.

வெளியே வந்த பிறகு எனக்கு உறைத்தது. நீ ஒரு தடவை என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "எருமை, கிளட்ச்சை விடு" என்று நான் கத்தி, நீ சிக்னலிலேயே கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போனாய். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்கள் ஸ்கூலிலும் ஒரு விதி உண்டு: சொந்தக்காரருக்கு நாமே சொல்லித்தரக் கூடாது, அடுத்தவர் காரில் ஏற்றிவிட வேண்டும். நானும் விதியை மீறினேன், நீயும் மீறினாய். நான் உன்னை எருமை என்றேன், உனக்குக் கார் ஓட்ட வரவில்லை. நீ என்னை மேடம் என்றாய், அப்பா உயிரோடு இருக்கிறார்.

அந்த டாக்டரம்மாமேல் எனக்கு நிறையப் பிரியம், அக்கா. அதனால்தான் மேடம் என்றேன். நேற்றுதான் இது எனக்கே தெரிந்தது.

மனசு முறைப்பதை நிறுத்திவிட்டது. விசாரணைக்குப் புகார் கொடுத்தவரும் வரலாம் என்று தாள் வந்திருக்கிறது. வருகிறேன்.

வாண்டு


ஏப்ரல் 12

வாண்டு,

எருமை என்று நீ சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொல்லி அழுதேன்.

ஆனால் நீ வராதே. வந்தால் அன்றைய அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். நான் இன்னும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அன்றைக்கு என்னிடமிருந்து என்னென்ன வந்தது என்று எனக்கே தெரியாது. அதை நீ இன்னொரு தடவை கேட்க வேண்டாம். உன் கடிதமே எனக்குப் போதும். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வராதே.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

நீ வராதே என்றால் நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரை அப்பாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு வந்தேன். ஆமாம், அதே கேட்டை மறிக்கிறவர்தான். இருவரும் சேர்ந்து உப்பைத் தேடியிருப்பார்கள்.

ஒரு சின்ன அறை. உன்னை முன்னாலேயே விசாரித்துக் கீழே அனுப்பிவிட்டார்களாம். உங்கள் மேற்பார்வையாளரம்மா என் காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார். எத்தனை பாரமாக இருக்கிறது அது. இதையா தினமும் போட்டுக்கொள்கிறாய்?

முதலில் நான். விசில் நிஜமாகவே இருக்கிறது, சே. அடுத்து உன்னிடமிருந்து ஒரு சின்ன சத்தம், யாரோ இருட்டில் படி தவறினால் வருமே, அந்த மாதிரி. அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு உன் குரல் ஓரிடத்திலும் ஆடவில்லை. நான் அழுத்தினேன், நீ எண்ணினாய். நான் நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம் "நிறுத்தாதீங்க மேடம், நல்லா செய்யறீங்க" என்றாய். நல்லா செய்யறீங்க என்று நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. நான் மேடத்தை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்த பகுதி வந்தது. மேற்பார்வையாளரம்மா நிறுத்தி, "இதைக் கவனிச்சுக் கேளுங்க" என்றார். "இவங்க யாரையாவது மூச்சு விடச் சொல்லும்போது மைக்கைத் தாடைக்குக் கீழ தள்ளிடுவாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான். இல்லேன்னா எங்க மூச்சு மைக்குல பட்டு இரைச்சலா கேட்கும். இந்த ஒரு போன் கால்லதான் கீழ தள்ளாம வாய்க்கிட்டயே வெச்சிருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று என்னுடையது, ஓடிக் களைத்த நாய் மாதிரி. இன்னொன்று நீளமாக, மெதுவாக. அது நீ. என்னை விடச் சொன்னபோதெல்லாம் நீயும் விட்டிருக்கிறாய். நீ ஒன்று விடுவதற்குள் நான் நாலு விடுகிறேன். பிறகு மூன்று. பிறகு இரண்டு. நீ அவசரப்படவே இல்லை. எனக்காக அங்கேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கொஞ்ச நேரத்தில் எது என்னுடையது, எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஆள் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் விசில் வந்ததை வைத்துத்தான் நானும் அதில் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வர வேண்டிய தூரம் அக்கா, நீ எனக்குள்ளேயே இருந்திருக்கிறாய். அன்றைக்கு நான் விட்டது உன் மூச்சு.

ஹெட்செட்டைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை. கேட்டு முடித்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா எழுந்து போய், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னார்: "விதியை மீறினது மீறினதுதான். அதை எழுதி வெச்சுத்தான் ஆகணும். ஆனா அந்த நாற்காலி அவங்களோடது. எப்ப வேணும்னாலும் வரட்டும். அவங்கதான் வர மாட்டேங்கறாங்க."

கீழ்த்தளத்துக்கு வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உன் முதுகு தெரிந்தது. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. நீ மூச்சை உள்ளேயே வைத்திருக்கிறாய் என்று எனக்குக் கதவுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. உள்ளே வந்திருந்தால் இருவரும் சேர்ந்து அழுது அந்த அலுவலகத்தையே ஒரு வழி பண்ணியிருப்போம். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. திரும்பிவிட்டேன்.

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் போன் அடிக்கும். எடு. பேச வேண்டாம். மைக்கைத் தாடைக்குக் கீழே தள்ளாதே. மூச்சை மட்டும் விடு. நீதான் என்று எனக்குத் தெரியும்.

வாண்டு


மே 2

என் வாண்டு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைசியில் உன் பக்கம் இன்னொரு விசில் கேட்டதும் நீ சொன்ன 'குக்கர்' என்ற ஒரு வார்த்தையைத் தவிர நாம் எதுவும் பேசவில்லையே. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "போனைக் காதுல வெச்சுக்கிட்டே தூங்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேற்று மேலே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹெட்செட்டைக் கையில் எடுத்ததும் மார்பு கெட்டியாகிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் குவித்து, தீரும்வரை விட்டேன். மாட்டிக்கொண்டேன்.

முதல் அழைப்பில் ஒருவர் கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். இந்தப் பிறவியில் யாரையும் நான் அவ்வளவு நேசித்ததில்லை. அடுத்தது கையில் கத்தி பட்ட ஒரு சமையல்காரர். சமாளித்துவிட்டேன்.

மூன்றாவது லைன் திறந்ததும் ஒரு ஆணின் மூச்சு, இரைந்து இரைந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரைச் சாலையோரம் நிறுத்தியிருக்கிறார். பின் சீட்டில் மனைவி. குழந்தையின் தலை தெரிகிறது. எனக்கு மூச்சு உள்ளே போனது, நின்றது. ஒரு நொடி அப்படியே நின்றது. "சார், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. முதல்ல மூச்சை விடுங்க" என்றேன். மைக்கைக் கீழே தள்ளவில்லை. நான் விட்டேன், அவர் விட்டார். அவர் மனைவியும் அதைக் கேட்டு விட்டிருக்க வேண்டும், லைனில் மூன்று மூச்சு கேட்டது, என்னுடையதையும் சேர்த்து.

குழந்தை வந்துவிட்டது. சத்தம் வரவில்லை.

"அழலை மேடம். அழமாட்டேங்குது." துண்டால் துடைக்கச் சொன்னேன். முதுகை அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. லைனில் இருந்த எல்லாருடைய மூச்சும் நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு எண்ணிக் காட்டியிருக்கிறேன் வாண்டு, 'இழுங்க, விடுங்க' என்று. இந்த ஒரு ஆளிடம் என்ன சொல்வது? அதற்கு நான் யாரென்றே தெரியாது. மூச்சு என்றால் என்னவென்றே தெரியாது. இந்த உலகத்துக் காற்றில் ஒரு சொட்டுகூட அதற்குள் இன்னும் போகவில்லை.

இழு என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. அது இழுத்தது. அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி விட்டது.

அக்கா